தலைமேல் பின்னம் குந்திக்கொண்டால்: மூலங்களையும் பின்ன அடுக்குகளையும் சுருக்குவது எப்படி

"இன்னா மிஸ் இது, எழுத்து தலைமேல பின்னம் குந்திக்கினு கீது?"

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் ஆறரைக்கு ட்யூஷன். ஒன்பதாவதும் பதினொன்றாவதும் ஒரே பாயில் உட்காரும். கேட்டது ஒன்பதாவது, சிரித்தது பதினொன்றாவது. சரி, சிரித்தவர்களே சொல்லுங்கள் என்று சாக்பீஸை நீட்டினேன். ஒருத்தரும் எழுந்து வரவில்லை. விதி எல்லாருக்கும் மனப்பாடம்தான். அரை அடுக்கு என்றால் ஏன் வர்க்கமூலம் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ஆரம்பித்துப் பல வாரம் நடத்திய பாடம் இது.

முதலில் என் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் போர்டில் எக்ஸ், ஒய் எழுதுவதில்லை. எக்ஸ் என்றதும் பிள்ளைகள் ஏதோ மர்மம் மாதிரி முழிக்கிறார்கள். அதனால் வ என்றால் ஒரு கிலோ வஞ்சிரத்தின் விலை, ச என்றால் ஒரு கிலோ சங்கராவின் விலை. இரண்டும் எந்நாளும் பூஜ்ஜியத்துக்கு மேலேதான் இருக்கும், இனாமாக மீன் தர யாரும் கடை போடுவதில்லை. விலை எப்போதும் மிகை எண் என்கிற இந்தச் சங்கதியில்தான் பாதி விதிகள் நிற்கின்றன, பிறகு வருகிறேன். அப்புறம், போனில் தலைமேல் சின்னதாகப் பின்னம் எழுத வழியில்லை. ^ குறிக்குப் பின்னால் வருவதை அடுக்கு என்று படித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் கேள்வி. வ² × வ³ = வ⁵ என்பது தெரிந்ததுதான்; அடிமானம், அதாவது அடுக்கைத் தலையில் சுமக்கிற எழுத்தோ எண்ணோ, ஒன்றாக இருந்தால் பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டுகிறோம். இந்த விதி பின்னத்துக்கும் பொருந்த வேண்டும் என்றால் வ^(1/2) × வ^(1/2) எவ்வளவு? அரையும் அரையும் ஒன்று. ஆக, வ. தன்னைத் தானே பெருக்கினால் வ வருகிற மிகை எண் எது? √வ. அவ்வளவுதான். வ^(1/2) என்பது √வ-வின் இன்னொரு பெயர், புதிய ஆள் இல்லை. அதே மாதிரி மூன்று தடவை பெருக்கினால் வ வருவது வ^(1/3), அதாவது ∛வ.

அடுக்கில் 2/3 வந்தால்? கீழே இருக்கிற பகுதி மூலத்தைச் சொல்கிறது, மேலே இருக்கிற தொகுதி பெருக்கலைச் சொல்கிறது. மறந்துபோகிறவர்களுக்கு நான் சொல்வது: மூலம் என்றாலே வேர், வேர் அடியில்தான் இருக்கும்.

என் அப்பா காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை பார்த்தவர். 8^(2/3) என்பதை அவருக்குத் தெரியாமலே தினமும் கையில் பிடித்தவர். பக்கம் 1 அடி உள்ள கனசதுர ஐஸ் கட்டி ஒன்று, பக்கம் 2 அடி உள்ளது ஒன்று. பெரியது சின்னதைப் போல 8 மடங்கு எடை. வெளிப்பரப்பு? சின்னதற்கு 6 சதுர அடி, பெரியதற்கு 24. 4 மடங்குதான். எடை 8 மடங்கு ஆனால் பரப்பு 8^(2/3) மடங்கு: கனமூலம் எடுத்தால் பக்கம் 2, அதை வர்க்கப்படுத்தினால் 4. பெரிய கட்டி ஏன் மெதுவாகக் கரைகிறது, மீன் பெட்டிக்கு ஏன் ஐஸைத் தூளாக்கிப் போடுகிறார்கள் என்பதெல்லாம் இந்த 2/3-க்குள் இருக்கிறது. பெரிய கட்டியை எட்டாக உடைத்தால் பரப்பு 24-லிருந்து 48 ஆகிவிடும். மீன் சீக்கிரம் குளிரும், ஐஸும் சீக்கிரம் தீரும்.

எண்ணாக இருந்தால் எப்போதும் மூலத்தை முதலில் எடுங்கள். 27^(4/3) கேட்டால் ∛27 = 3, 3⁴ = 81, வாய்க்கணக்கு. ஒரு பையன் 27-ஐ நான்கு தடவை பெருக்கி 5,31,441 வரைக்கும் போய்விட்டு, அதற்குக் கனமூலம் தேடிக்கொண்டிருந்தான். தப்பில்லை, கடைசியில் அதே 81-க்குத்தான் வருவான். அதற்குள் கரண்டு போய்விட்டது.

இனி சுருக்குகிற வேலை. நான் சொல்வது ஒரே விஷயம்: மூலக் குறியை வைத்துக்கொண்டு போராடாதீர்கள். முதல் வரியிலேயே எல்லா மூலத்தையும் பின்ன அடுக்காக மாற்றுங்கள். நடுவில் பின்னக் கணக்கு மட்டும் போடுங்கள். கடைசி வரியில் வேண்டுமானால் மூலமாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

√வ × ∛வ எவ்வளவு? மூலமாகப் பார்த்தால் கை நகராது. மாற்றினால் வ^(1/2) × வ^(1/3), அடுக்குகளைக் கூட்டினால் 3/6 + 2/6 = 5/6. விடை வ^(5/6). இதில் எங்கள் மாடியில் வந்த விடைகளைச் சொல்கிறேன். ஒருத்தி வ^(2/5), மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டிவிட்டாள். ஒருத்தன் வ^(1/6), கூட்ட வேண்டிய அடுக்குகளைப் பெருக்கிவிட்டான். முதல் தப்பு அடுக்கில் வந்த தப்பே இல்லை, ஐந்தாவது வகுப்புப் பின்னக் கூட்டல். நான் பார்த்த வரைக்கும் இந்தப் பாடத்தில் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். அதனால் வெட்கப்படாமல் ஒருநாள் முழுக்க மீச்சிறு பொது மடங்கு மட்டும் போட வைத்தேன். பதினொன்றாவதுக்கும் சேர்த்துத்தான். முறைத்தார்கள், போட்டார்கள்.

விடை சரியா என்று பார்க்க என்னிடம் ஒரு உரைகல் இருக்கிறது. 64. ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று யார் எதற்கு எண்ணினார்களோ, எனக்கு இந்த எண் பிடிக்கக் காரணம் வேறு: 64-க்கு வர்க்கமூலம் 8, கனமூலம் 4, ஆறாம் மூலம் 2, எல்லாமே முழு எண். வ-வுக்குப் பதில் 64 போடுங்கள். √64 × ∛64 = 8 × 4 = 32. நம் விடை 64^(5/6) என்றால் 2⁵ = 32. பொருந்துகிறது. அந்தப் பையனின் 64^(1/6) வெறும் 2. அவனே சிரித்துக்கொண்டு அழித்தான். நாலாம் மூலமும் கணக்கில் இருந்தால் 4096 எடுத்துக்கொள்ளுங்கள், அது 2¹². வ^(3/4) ÷ வ^(1/3) என்பதில் அடுக்கைக் கழித்தால் 9/12 − 4/12 = 5/12. 4096 போட்டால் 512 ÷ 16 = 32, அந்தப் பக்கம் 2⁵, அதுவும் 32. பரீட்சை ஹாலில் இதற்கு அரை நிமிஷம் ஆகும். அரை நிமிஷத்தில் மூன்று மார்க் மிச்சம்.

அடுக்குக்கு அடுக்கு வரும்போதுதான் பெருக்கல். (வ^(2/3))^(3/4) = வ^(1/2). இதில் அடைப்புக்குள் எண்ணும் சேர்ந்து வந்தால் கவனம் வேண்டும்:

(16 வ⁸ ச^(−4))^(3/4)

வ-வின் அடுக்கு 8 × 3/4 = 6, ச-வின் அடுக்கு −3. சரி, 16? கை பழக்கத்தில் அதையும் முக்காலால் பெருக்கி 12 என்று எழுதிவிடுகிறார்கள். 16 அங்கே அடுக்கு இல்லை, அடிமானம். அதற்கும் முக்கால் அடுக்கு போட வேண்டும்: நாலாம் மூலம் 2, அதன் கனம் 8. விடை 8வ⁶/ச³. எழுத்துக்கு ஒரு நியாயம், எண்ணுக்கு ஒரு நியாயம் கிடையாது.

குறை அடுக்கைப் பார்த்து விடையை மைனஸ் ஆக்குகிறவர்களும் உண்டு. அடுக்கில் இருக்கிற மைனஸ் தலைகீழாக்கச் சொல்கிறது, வேறொன்றும் இல்லை. 16^(−3/4) = 1/8. (8/27)^(−2/3) என்றால் முதலில் 27/8 ஆக்குங்கள், பிறகு கனமூலம் 3/2, வர்க்கம் 9/4. எங்கேயும் மைனஸ் இல்லை.

மூலத்துக்குள் மூலம், அதற்குள் மூலம் என்று வந்தால் பிள்ளைகள் முகம் வெளிறிவிடும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம்.

√(வ √(வ √வ))

உள்ளே இருந்து வெளியே வாருங்கள். கடைசி √வ என்பது வ^(1/2). அதன் பக்கத்தில் ஒரு வ, சேர்த்தால் வ^(3/2). அதன் மேல் ஒரு மூலம், அடுக்கு பாதியாகி 3/4. பக்கத்தில் இன்னொரு வ, 7/4. வெளி மூலம் அதையும் பாதியாக்கும், 7/8. முடிந்தது: வ^(7/8). 256 போட்டுப் பாருங்கள். √256 = 16; 256 × 16 = 4096, மூலம் 64; 256 × 64 = 16,384, மூலம் 128. இந்தப் பக்கம் 256-இன் எட்டாம் மூலம் 2, 2⁷ = 128. போர்டில் இரண்டு பக்கமும் 128 வந்து நின்றபோது பின்வரிசையில் ஒரு விசில் கேட்டது. நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மூலத்துக்குள் மூலம் என்றால் ராமானுஜன் பேச்சு வராமல் இருக்காது, அதுவும் இந்தப் பக்கத்தில். இங்கிருந்து கூப்பிடு தூரத்துத் துறைமுகத்தில் 1912 மார்ச் 1 அன்று குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் அவர். அடுத்த ஆண்டு இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார். வேலைக்குச் சேரும் முன்பே, 1911-ல், இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழில் ஒரு கேள்வி போட்டார்: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) முடிவே இல்லாமல் போனால் மதிப்பு என்ன? விடை 3. பயப்படாமல் பின்னால் இருந்து அவிழ்த்துப் பாருங்கள். 3 = √9 = √(1 + 8) = √(1 + 2 × 4). அந்த 4 என்பது √16 = √(1 + 15) = √(1 + 3 × 5). அந்த 5 என்பது √25 = √(1 + 4 × 6). இப்படியே போய்க்கொண்டிருக்கும். முடிவிலி வரைக்கும் சரிதானா என்று நிரூபிக்கத் தனி வேலை இருக்கிறது, பிடி மட்டும் இதில் கிடைத்துவிடும். ராயபுரத்தில் பி.கே. சீனிவாசன் 1993-ல் ராமானுஜனுக்காக ஒரு அருங்காட்சியகம் அமைத்தார். பிள்ளைகளை ஒருநாள் அங்கே கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது அவர்கள் பேசியதெல்லாம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸைப் பற்றித்தான், ஆனால் மறுநாள் இரண்டு பேர் நோட்டில் இந்த 3-ஐ எழுதிக்கொண்டு வந்தார்கள்.

மூலத்துக்குள்ளிருந்து வெளியே எடுப்பதற்கு ஷேர் ஆட்டோ உதாரணம் போதும். ஆள் நிரம்பினால்தான் வண்டி கிளம்பும். வர்க்கமூலம் என்றால் இரண்டு பேர் வண்டி, கனமூலம் என்றால் மூன்று பேர் வண்டி. நிரம்பிய ஒவ்வொரு வண்டியும் வெளியே ஒரு எழுத்தாக வரும், மிச்சம் இருப்பவர் ஸ்டாண்டிலேயே நிற்பார். ∛(54 வ⁷): 54 = 2 × 3 × 3 × 3, மூன்று 3-கள் ஒரு வண்டி, 2 தனியாள். வ-வில் ஏழு பேர், இரண்டு வண்டி போக ஒருத்தர் மிச்சம். விடை 3வ²∛(2வ). அதே வழியில் √(72 வ⁵ ச²) = 6வ²ச√(2வ). பின்ன அடுக்காகப் பார்த்தால் இதுவும் வகுத்தல்தான்: 7/3 என்பது 2-ம் மிச்சம் 1/3-ம்.

கூட்டலுக்கு வருவோம், இங்கேதான் மூக்குடைபடுகிற இடம். பெருக்கலில் இருக்கிற தாராளம் கூட்டலில் கிடையாது. √50 + √18 − √8 என்றால் வண்டி ஏற்றிவிட்டு 5√2 + 3√2 − 2√2 = 6√2. எல்லாமே √2 ரகம், அதனால் சேர்ந்தது. √2 + √3 சேராது. வஞ்சிரத்தையும் சங்கராவையும் ஒரே கூறில் போட்டு ஒரே பெயர் சொல்ல முடியாது. வ^(1/2) + வ^(1/3)-உம் அப்படியே நிற்கும். 64 போட்டால் 8 + 4 = 12, அதை 32 ஆக்குகிற விதி எங்கேயும் இல்லை. √(வ² + ச²) = வ + ச என்று எழுதுகிறவர்களுக்கு நான் எழுதிக்காட்டுவது √(9 + 16). உள்ளே 25, மூலம் 5. 3 + 4 = 7. நான் படித்த காலத்தில் இதே தப்பைச் செய்து, பரீட்சைத்தாளில் அந்த 7-ஐச் சுற்றி ஆசிரியர் போட்ட சிவப்பு வட்டம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஆனால் கூட்டல் இருக்கிற இடத்தில் பொதுக் காரணி எடுக்கலாம், பதினொன்றாவதுக்கு இது சோறு போடும். எப்போதும் இருப்பதிலேயே சின்ன அடுக்கை வெளியே எடுங்கள். வ^(3/2) − வ^(1/2) = வ^(1/2)(வ − 1). குறை அடுக்கு இருந்தால் அதுதான் சின்னது: வ^(1/2) + வ^(−1/2) = வ^(−1/2)(வ + 1), அதாவது (வ + 1)/√வ. வ√(வ + 1) என்பதை வகையிட்டால், அதாவது டிஃபரன்ஷியேட் செய்தால், இப்படி ஒன்று வந்து நிற்கும்:

(வ + 1)^(1/2) + (வ/2)(வ + 1)^(−1/2)

இதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறவர்கள் நிறைய. சின்ன அடுக்கு −1/2. வெளியே எடுத்தால் உள்ளே (வ + 1) + வ/2 மிஞ்சும். ஏன் (வ + 1)? ஏனென்றால் 1/2-லிருந்து −1/2-ஐக் கழித்தால் 1. விடை (3வ + 2)/(2√(வ + 1)). வ = 3 போட்டுப் பாருங்கள்: 2 + 0.75 = 2.75, இந்தப் பக்கம் 11/4. சரி.

பகுதியில் மூலம் இருந்தால் அதை நீக்கச் சொல்வார்கள். 1/√வ-வை √வ-வால் மேலும் கீழும் பெருக்குவது எல்லாருக்கும் தெரியும். 1/∛வ வந்தாலும் அதே ∛வ-வால் பெருக்கிவிட்டு, கீழே வ வந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். வராது. அங்கே மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது, முழுசாக்க இன்னும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ∛(வ²)-ஆல் பெருக்க வேண்டும், விடை ∛(வ²)/வ. வ = 8 என்றால் இரண்டு பக்கமும் அரை. கீழே கழித்தல் இருந்தால் குறியை மாற்றிப் பெருக்குங்கள்: 1/(√5 − √3) = (√5 + √3)/2. (வ − ச)/(√வ − √ச) மாதிரி வந்தால் அதுகூட வேண்டாம். வ − ச என்பதே (√வ − √ச)(√வ + √ச), ஒன்று அடிபட்டு √வ + √ச மிஞ்சும்.

கடைசியாக, முதலில் பாக்கி வைத்த விஷயம். விலை எப்போதும் மிகை எண் என்றேன். இரண்டு வருஷம் நான் √(வ²) = வ என்று யோசிக்காமல் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா மீன் விற்கிற ஒரு பையன் ஒருநாள் கேட்டான்: "வ விலை இல்ல மிஸ், கணக்கு நோட்டுல பாக்கின்னு வெச்சிக்கோ. மைனஸ் 5. அதை வர்க்கம் பண்ணா 25, ரூட் எடுத்தா 5. மைனஸ் எங்க பூட்ச்சு?" எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வ எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்றால் √(வ²) என்பது வ-வின் மட்டு மதிப்பு, அதாவது மைனஸ் இருந்தால் அதை விட்டுவிட்டு எடுக்கிற அளவு, |வ|. கனமூலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, ∛(−8) = −2. ஆனால் அங்கேயும் ஒரு கண்ணி உண்டு: 1/3-ம் 2/6-ம் ஒரே பின்னம்தானே என்று (−8)^(2/6) எழுதி, முதலில் வர்க்கம் எடுத்தால் 64, ஆறாம் மூலம் 2. −2 எங்கே, 2 எங்கே. அடிமானம் குறை எண்ணாக இருக்கும்போது பின்ன அடுக்கு விதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. கேள்வித்தாளில் "மாறிகள் அனைத்தும் மிகை எண்கள்" என்று ஒரு வரி இருக்கும், படிக்காமல் தாண்டுவோமே, அது இதற்காகத்தான். அந்த வரி இல்லாவிட்டால் வர்க்கமூலத்திலும் நாலாம் மூலத்திலும் |வ| போடுங்கள். அந்த வாரம் பழைய நோட்டுகளை எல்லாம் வாங்கி, நான் எழுதிக்கொடுத்த இடங்களில் நானே சிவப்பு மையில் திருத்தினேன்.

பாய் சுருட்டும் முன் நேற்று கொடுத்த கணக்கு இது, நீங்களும் போட்டுப் பாருங்கள்:

√(வ ∛(வ √வ))

உள்ளே இருந்து வாருங்கள், அடுக்கை மட்டும் பாருங்கள். நடுவில் இருப்பது கனமூலம், அங்கே பாதியாக்கிவிடாதீர்கள், மூன்றில் ஒன்றாக்குங்கள். இதற்கு உரைகல் 64 சரிப்படாது, 16 போடுங்கள். 8 வர வேண்டும்.